தாய்மாமன் தீட்டு

வீரம்மா: அப்ப நாளைக்குப் பாராளுமன்றத்துல அந்த நீதிபதிய பதவியில இருந்து தூக்கத்தான் போறீங்க.

ஜீவராஜ்: அக்கா, மொதல்ல மழைக்குப் போர்த்துன அந்தப் படங்குத் துணிய கழட்டிப் போட்டுட்டு உட்காருங்க. தண்ணி சொட்டுது.

வீரம்மா: சொட்டட்டும். எம்பி வீட்டு சீமெந்து ஊறியா போயிரும்? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க தம்பி.

ஜீவராஜ்: கட்சி முடிவெடுத்துருச்சு. நான் கட்சியோட ஆளு.

வீரம்மா: கட்சியோட ஆளா? எங்க தோட்டத்து ஆளு, எங்க புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுத்த மாஸ்டர்னு நெனச்சுல்ல நாங்க ஓட்டுல புள்ளடி போட்டோம்.

ஜீவராஜ்: ரெண்டும் ஒண்ணுதான்.

வீரம்மா: ஒண்ணா இருந்தா இந்த மழையில வட்டகொடை வரைக்கும் நான் எதுக்கு வர்றேன்?

ஜீவராஜ்: அக்கா... நம்ம சம்பளத்தக் கூட்டி அரசாங்கம் போட்ட வர்த்தமானிய நிறுத்துனது யாரு? அவருதானே. கம்பனிக்காரங்க போய்க் கேட்டாங்க, இவரு தடை போட்டாரு. ஹட்டன்ல சனம் அவரு கொடும்பாவிய எரிச்சத நீங்க பாக்கலயா?

வீரம்மா: பாக்கறதா? எரிச்சதே நாங்கதான். எங்க தோட்டத்துக் கட்சிச் சங்கத் தலைவரு அழகன் லொறி அனுப்புனாரு, மலையில கொழுந்தெடுக்க நின்ன அத்தன பேரும் ஏறுனோம். பொம்மை கழுத்துல ஒரு அட்டை தொங்குச்சு, சிங்களத்துல என்னமோ எழுதியிருந்திச்சு. தோட்டத்துத் தொரைன்னு நெனச்சு நானும் ஒரு கட்டையால ரெண்டு போட்டேன்.

ஜீவராஜ்: அப்புறம்?

வீரம்மா: எரிஞ்சு முடிஞ்சப்புறம் தான் சொன்னாங்க, அது கொழும்பு நீதிபதியாம்னு. எந்த நீதிபதின்னு கேட்டேன். பேரச் சொன்னாங்க. என் புள்ள செத்த வழக்க பாக்குற ஐயாவையே நான் அடிச்சிருக்கேன் தம்பி.

ஜீவராஜ்: தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டீங்க.

வீரம்மா: அப்புடிச் சொல்ல ஆசைதான். அன்னைக்கு லொறியில ஏறுனவங்களுக்கு முழுப் பேரு போட்டாங்க. கொழுந்து எடுக்காமலே ஒரு நாள் சம்பளம். போயிருப்பேனோ என்னமோ...

ஜீவராஜ்: பாத்தீங்களா. உங்களுக்கே அந்த நெலம. எனக்கு?

வீரம்மா: உங்களுக்கு என்ன நெலம? வீடு இருக்கு. வண்டி இருக்கு. பேசுனா மைக்கு குடுக்கறாங்க.

சுலக்ஷனா: மைக்கு மட்டும்தான் குடுக்கறாங்க வீரம்மாக்கா. இந்தாங்க, பிளேன்டீ. இஞ்சி போட்டிருக்கேன்.

வீரம்மா: நல்லா இருக்கியா தங்கச்சி? மெலிஞ்சு போயிட்ட.

சுலக்ஷனா: இனிமே இன்னும் மெலிவேன். டயகமவுக்கு மாத்திட்டாங்க, தெரியாதா? விடியாமலே பஸ் ஏறணும். இந்த ஸ்கூல்ல இருந்து யாரையும் எடுக்க மாட்டோம்னு சொன்னவங்க, இவரு ஒரு வாரம் கட்சிப் பெரியவரு போன எடுக்காம இருந்தாரு பாருங்க, அந்த வாரமே மாத்திட்டாங்க.

ஜீவராஜ்: அது தற்செயல்.

சுலக்ஷனா: ஆமா, தற்செயல்தான். உங்க கட்சியில மழை பெய்யறதுகூட பெரியவரக் கேட்டுட்டுத்தான். என்னங்க, நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வேன் அனுப்பறாங்களாம். மூணு எம்பிமாரும் ஒண்ணாத்தான் போகணுமாம். சட்டைய அயன் பண்ணி வைக்கவா?

ஜீவராஜ்: வையி.

சுலக்ஷனா: வெள்ளையா?

ஜீவராஜ்: எதையாவது வையி சுலோ.

சுலக்ஷனா: பாத்தீங்களாக்கா, கலியாண வீட்டுக்குப் போற மாதிரியா மூஞ்சி இருக்கு? நீங்க பேசிக்கிட்டு இருங்க, அடுப்புல சோறு.

வீரம்மா: ...பாவம் அந்தப் புள்ள.

ஜீவராஜ்: அவ ஒண்ணும் கேக்க மாட்டா. அதுதான் இன்னும் கஷ்டம்.

வீரம்மா: பெரியவருக்கு மந்திரிப் பதவி தர்றாங்கன்னு தோட்டத்து லயத்துல பேசிக்கிறாங்க. நெசமா?

ஜீவராஜ்: வாக்கெடுப்பு முடியட்டும்னு சொல்லியிருக்காங்க.

வீரம்மா: அதுக்குத்தான் மூணு கை வேணும்.

ஜீவராஜ்: நம்ம மூணு கை இல்லாட்டி அவங்களுக்குக் கணக்கு எட்டாது. அதான் இந்தப் பாடு.

வீரம்மா: மாட்டேன்னு சொன்னா என்ன செய்வாங்க? உங்கள சனமில்ல அனுப்புச்சு?

ஜீவராஜ்: சனம் அனுப்புச்சு. ஆனா கட்சியில இருந்து நீக்கிட்டா ஆசனமும் போயிரும். கட்சிப் பட்டியல்ல அடுத்த ஆளு அந்தக் கதிரையில வந்து உட்காருவான். அவன் கை தானா எழும்பும்.

வீரம்மா: அப்ப நீங்க இருந்து என்ன, இல்லாம என்ன?

ஜீவராஜ்: அதையேதான் நானும்... விடுங்க. மக லோஜினி எப்புடி இருக்கா?

வீரம்மா: பேச்ச மாத்தாதீங்க.

ஜீவராஜ்: மாத்தலக்கா, கேக்கறேன். அவளுக்குப் புள்ள பெற இதுதானே மாசம்?

வீரம்மா: அடுத்த மாசம். இன்னமும் அந்தப் பழைய தேயிலை ஸ்டோர்லதான் கெடக்கறோம். மண்ணு சரிஞ்சு லயம் பொதைஞ்சு ரெண்டு வருசமாவப் போகுது, சேலையக் கட்டித்தான் ஒவ்வொரு குடும்பமும் பிரிச்சுக்கிட்டு படுக்கறோம். போன கெழமை ஸ்டோருக்கு மேல மண்ணு வெடிச்சிருக்கு. என் கை உள்ள போகுது தம்பி. மழை பெஞ்சா லோஜினிய எழுப்பி உட்கார வச்சுக்கிட்டு நான் முழிச்சுக்கிட்டே இருக்கேன். ஒரு புள்ளைய குடுத்தது போதாதா?

ஜீவராஜ்: புது வீடு கட்டி முடிச்சு பெயின்ட்டும் அடிச்சாச்சே.

வீரம்மா: பூட்டியும் போட்டாச்சு. கதவுல நம்பர் எழுதியிருக்கு. சாவிதான் யாருகிட்டன்னு தெரியல.

ஜீவராஜ்: நான் மூணு தடவ போய்க் கேட்டேன்க்கா. மந்திரி கையெழுத்துப் போடணும். ஒரு எம்பி ஒரு தகரத்தக்கூட யாருக்கும் எடுத்துக் குடுக்க ஏலாது, தெரியுமா? சட்டம் போடறது நாங்கன்னு பேரு. சாவி, ரோட்டு, இடமாற்றம், எல்லாம் அவங்க கையில. நாங்க போய் வாசல்ல நிக்கணும். வாசல்ல நின்னா, "நீங்க எங்களுக்கு என்ன செஞ்சீங்க"ன்னு கேப்பாங்க.

வீரம்மா: எங்க கிருஷாந்தி இத வேற மாதிரில்ல படிச்சா.

ஜீவராஜ்: எத?

வீரம்மா: நீங்க படிச்சுக் குடுத்த பாடத்தத்தான். சோதனைக்கு மொத நாள் லயத்துக் காம்பராவுல அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டு, சட்டத்துறை, நிர்வாகத்துறை, நீதித்துறைன்னு மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டு இருப்பா. என்னாடி இதுன்னு கேட்டா, மூணும் மூணு வீட்டு அடுப்பும்மா, ஒருத்தர் அடுப்புல இன்னொருத்தர் கைய வைக்கக் கூடாதுன்னு ஜீவராஜ் சேர் சொன்னாருன்னா.

ஜீவராஜ்: ...ஆமா. சொன்னேன்.

வீரம்மா: நம்ம லயத்துல அடுப்புக் கொள்ளிய எடுத்ததுக்கே மண்டை ஒடஞ்சிருக்கேடின்னு நான் சிரிச்சேன்.

ஜீவராஜ்: அவ வகுப்புல எழும்பி ஒண்ணு கேட்டா. சேர், மூணு அடுப்புக்கும் வெறகு குடுக்கறவன் ஒரே ஆளா இருந்தா என்ன செய்யறதுன்னு. எனக்குப் பதில் தெரியல. அடுத்த பாடத்துல சொல்றேன்னு சமாளிச்சேன். அந்த அடுத்த பாடத்துக்கு அவ...

வீரம்மா: வேணாம். அத விடுங்க.

ஜீவராஜ்: சரி.

வீரம்மா: அந்த ஐயாவப் பத்தி நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மொத நாள் கோர்ட்டுல எல்லாம் சிங்களமும் இங்கிலீசும். நான் கோயில்ல நிக்கிற மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். அந்த ஐயா கண்ணாடியக் கழட்டிட்டு, இந்த அம்மாவுக்கு இது விளங்குதான்னு கேட்டாராம். உடனே நிறுத்திட்டாரு. தமிழ் சொல்ற ஆள் வர்ற வரைக்கும் இருங்கன்னுட்டாரு. என்னையும் உட்காரச் சொன்னாரு. கறுப்புக் கோட்டு போட்ட அத்தன பேரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க தம்பி. எனக்காக ஒரு ஆட்டோகூட நின்னது கெடையாது.

ஜீவராஜ்: தெரியும்க்கா. நானும் அன்னைக்குப் பின்னால உட்கார்ந்திருந்தேன்.

வீரம்மா: தெரிஞ்சுக்கிட்டுமா?

ஜீவராஜ்: நல்லவரு கெட்டவருங்கறது இல்ல பேச்சு. அதே ஆளுதான் சம்பளத்துக்கும் தடை போட்டாரு.

வீரம்மா: போட்டாரு. அதுக்கு வயிறு எரியுது. ஆனா அப்பல்லாம் தூக்கலயே? லயம் சரியறதுக்கு முன்னாலயே, மண்ணு வெடிச்சிருக்கு, ஆளுங்கள எழுப்புங்கன்னு ஒரு அறிக்கை மேல போயிருக்காம். அது எந்த மேசையில கெடந்துச்சு, யாரு அந்த மேசைக்காரரு, வரச் சொல்லுங்கன்னு அந்த ஐயா கேட்டாரு. கேட்டதுக்கு அடுத்த மாசம்தானே தூக்கணும்னு இந்தப் பிரேரணை வந்திச்சு. ஹட்டன்ல மைக்குப் புடிச்சவங்க யாருமே இத ஏன் சொல்லல? பேசுங்க எம்பி ஐயா.

ஜீவராஜ்: எம்பி ஐயான்னு சொல்லாதீங்கக்கா.

வீரம்மா: பின்ன எப்புடிச் சொல்ல? இந்த வழக்கப் போடுங்க அக்கா, நான் இருக்கேன்னு சொன்ன தம்பி எங்கன்னு தெரியல.

ஜீவராஜ்: இங்கதான் இருக்கேன். கட்சி சொன்னா கை தூக்கணும். அவ்வளவுதான். நீங்க வீட்டுக்குப் போங்க, இருட்டுது.

வீரம்மா: வெள்ளிக்கிழமை நீங்க ஏன் கோயிலுக்கு வரல?

ஜீவராஜ்: என்ன?

வீரம்மா: மத்த ரெண்டு எம்பிமாரும் வந்தாங்களே. மாரியம்மன் வாசல்ல, சனம் பாத்துக்கிட்டு இருக்க, பெரியவரு சொல்ற பக்கம்தான் கை தூக்குவோம்னு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணாங்க. நீங்க மட்டும் வரல.

ஜீவராஜ்: எனக்குத் தீட்டு.

வீரம்மா: யாரு செத்தா?

ஜீவராஜ்: நல்லமுத்து மாமா. றொசல்லயில. உங்களுக்குத் தெரியுமே, நீங்களும் எழவுக்கு வந்தீங்க. தீட்டோட கோயிலுக்குள்ள வர ஏலாதுன்னு பெரியவருகிட்ட சொன்னேன். அவரும் சரின்னாரு.

வீரம்மா: எத்தன நாளைக்காம் தீட்டு?

ஜீவராஜ்: கருமாதி வரைக்கும்.

வீரம்மா: நல்லமுத்து உங்களுக்கு என்னா வேணும்?

ஜீவராஜ்: மாமா. அம்மாவோட அண்ணன்.

வீரம்மா: அம்மாவோட அண்ணனுக்கு உங்களுக்கு ஏது கருமாதி வரைக்கும் தீட்டு? தாய்மாமன் செத்தா தலை முழுகுனா முடிஞ்சிச்சு. மிஞ்சிப் போனா சாம்பல் அள்ளுற காடாத்து வரைக்கும். பங்காளி செத்தாத்தானே கருமாதி வரைக்கும் காப்பாங்க?

ஜீவராஜ்: எங்க குடும்பத்துல... அப்புடித்தான்.

வீரம்மா: எந்தக் குடும்பத்துல? உங்க அப்பா கருமாதிக்கு அரிசி பொடைச்சுப் போட்டதே நான்தான். எனக்குத் தெரியாத குடும்பமா?

ஜீவராஜ்: அக்கா, மெதுவா.

வீரம்மா: பெரியவரு கொழும்புல வளந்தவரு. அவருக்கு மாமனும் ஒண்ணுதான், பங்காளியும் ஒண்ணுதான், தலைய ஆட்டிட்டாரு. அழகன் தலைவரு அப்புடியா? பத்து எழவு வீட்டுல முன்ன நின்னு செய்யற ஆளு.

ஜீவராஜ்: அழகன்... ஏதாவது சொன்னாரா?

வீரம்மா: ஒண்ணும் சொல்லல. கற்பூரத் தட்டுக்கு முன்னால நின்னு, ஜீவராஜுக்குத் தாய்மாமன் தீட்டாம்னு சொல்லிட்டு சிரிச்சாரு. சுத்தி நின்ன பொம்பளைங்க நாங்களும் சிரிச்சோம்.

ஜீவராஜ்: சிரிச்சீங்களா...

வீரம்மா: ஏன் பொய் சொன்னீங்க தம்பி?

ஜீவராஜ்: சத்தியத்துல எனக்கு நம்பிக்க இல்ல. படிச்சவன்.

வீரம்மா: நம்பிக்க இல்லாதவன் வந்து லேசா அடிச்சிட்டுப் போயிருப்பான். உங்களுக்கு நம்பிக்க இருக்கு. அதான் வரல.

ஜீவராஜ்: இத யாருகிட்டயும் பேசாதீங்க.

வீரம்மா: எனக்குச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ.

ஜீவராஜ்: சொல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா. கட்சி சொல்ற மாதிரி செய்வேன். போதுமா?

வீரம்மா: ...போதும்.

ஜீவராஜ்: எங்க எழும்புறீங்க? டீயக் குடிங்க.

வீரம்மா: நான் வழக்க வேணாம்னு எழுதிக் குடுத்துர்றேன் தம்பி.

ஜீவராஜ்: என்ன பேசுறீங்க?

வீரம்மா: அந்த ஐயா போயிருவாரு. புதுசா ஒருத்தர் வருவாரு. மொதல்ல இருந்து தொடங்கும். மகள் பேரென்ன, வயசென்ன, எந்த உடுப்போட கெடந்தா, எப்புடி அடையாளம் காட்டுனீங்க... ஒரு தடவ சொல்லிட்டேன். இன்னொரு தடவ அவள மண்ணுக்குள்ள இருந்து என்னால தோண்ட ஏலாது.

ஜீவராஜ்: அக்கா, அழாதீங்க. கேளுங்க...

வீரம்மா: எல்லாரும் சேந்து மூடிட்டீங்க. நானும் மூடிர்றேன். மத்தப் புள்ளையாவது உசுரோட இருக்கட்டும்.

ஜீவராஜ்: வழக்க விட்டுறாதீங்க. நீங்க விட்டா அந்த லயத்துல செத்த ஒருத்தருக்கும் வாய் இல்ல. நீங்கதான் மனுதாரர்.

வீரம்மா: எந்த வாய வச்சு இத சொல்றீங்க?

ஜீவராஜ்: சுலோ! ரேடியோவ கொஞ்சம் சத்தமா வையி.

சுலக்ஷனா: இப்ப எதுக்கு? செய்திகூட இல்ல, பாட்டு.

ஜீவராஜ்: பாட்டே போதும். வையி.

வீரம்மா: எதுக்கு தம்பி ரேடியோ?

ஜீவராஜ்: அவளுக்கும் தெரியாது. தெரிஞ்சா அவ முகத்துலயே எழுதியிருக்கும்... உட்காருங்க. நான் கை தூக்க மாட்டேன்க்கா. பேரக் கூப்புடறப்ப எழும்பி, எதிர்க்கிறேன்னு சொல்லுவேன். சம்பளத்துக்குப் போட்ட தடை எனக்கும் பிடிக்கல. பிழைன்னா மேல அப்பீல் இருக்கு. இல்லாட்டி நாங்க ஒரு சட்டம் கொண்டு வந்திருக்கலாம், அது எங்க வேலை. அந்த வேலைய நாங்க ஒரு நாளும் செய்யல. அத மறைக்கத்தான் தீர்ப்புச் சொன்ன ஆளத் தூக்கறோம். இன்னைக்கு இவரத் தூக்குனா, இனிமே எந்த நீதிபதி ஒரு மேசைக்காரர வரச் சொல்லுவாரு?

வீரம்மா: தம்பி...

ஜீவராஜ்: ஆசனம் போகட்டும். மறுபடி போய்ப் படிச்சுக் குடுக்கறேன். கிருஷாந்தி கேட்டதுக்கு ஒரு பதிலாவது கெடைக்குமே. ஆனா எழும்பிச் சொல்ற வரைக்கும் ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னக் கொழும்பு போய்ச் சேர விட மாட்டாங்க. போன வாக்கெடுப்புல அந்த ஊவா எம்பிக்கு என்னா நடந்திச்சுன்னு கேள்விப்பட்டீங்கதானே. வாக்கெடுப்பு முடிஞ்சப்புறம்தான் ஆள வெளிய விட்டாங்க.

வீரம்மா: தம்பி, போதும்.

ஜீவராஜ்: நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு பாத்தேன்.

வீரம்மா: இனிமே பேசாதீங்க. நான் போறேன்.

ஜீவராஜ்: இல்லக்கா, கேட்டுட்டுப் போங்க. யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா சுலோகிட்ட நீங்கதான் சொல்லணும். விடிய அந்த வேன்ல நான் ஏற மாட்டேன். இன்னைக்கு றொசல்லைக்குப் போறேன், மாமா வீட்டுக்கு. எழவு வீடு, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. காலையில அங்க இருந்தே...

வீரம்மா: ஐயோ, எடத்தச் சொல்லாதீங்க!

ஜீவராஜ்: ...ரயில் ஏறிருவேன். ஏன்க்கா? ஏன் இப்புடி மடியத் தடவுறீங்க? யாரு இருக்கா இங்க?

வீரம்மா: என் மடியில போன் ஓடிக்கிட்டு இருக்கு தம்பி, நாம பேசுறது அத்தனையும் அந்தப் பக்கம் கேக்குது. கீழ ரோட்டுல வச்சு அழகன் தலைவருதான் அமுக்கி, சொருகி விட்டாரு. வழக்க விட்டுர்றேன்னு சொல்லு, அப்பத்தான் அவன் வாயத் தொறப்பான்னு சொன்னாரு. லோஜினிக்குச் சாவிய இன்னைக்கே தர்றேன்னாரு. நான் கேட்டது ஒண்ணும் பொய்யில்ல தம்பி, அழுததும் பொய்யில்ல... றொசல்லன்னு சொல்றதுக்குள்ள நிறுத்திறலாம்னுதான் சேலைக்குள்ள தடவிக்கிட்டே இருந்தேன். எனக்கு அத நிறுத்தத் தெரியல.